கொடுத்து வென்றவர்: அடால்ஃப் ஆண்டர்சன்

நுழையும்முன்

விளையாட்டில் முதலில் இழப்பவரே தோற்பார் என்பது பொதுவான எண்ணம். ஆனால், ஆட்டம் தொடங்கிய மூன்று நான்கு நகர்வுகளுக்குள் தம் காயொன்றைத் தாமாகவே எதிராளிக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாகக் கிடைக்கும் காலத்தையும் இடத்தையும் கொண்டு வெல்ல முயலும் முறை சதுரங்கத்தில் உண்டு. துணிவும் கணக்கும் ஒருங்கே வேண்டும் அம்முறையைப் பெருங்கலையாக வளர்த்தவர்களுள் முதன்மையானவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு பள்ளி ஆசிரியர். அவருடைய வெற்றிகளையும், அவ்வெற்றிகளுக்கு இணையாக நினைக்கத்தக்க தோல்விகளையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கணித ஆசிரியர்

அடால்ஃப் ஆண்டர்சன் 1818ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் பிரெஸ்லாவ் நகரில் பிறந்தார். அன்று பிரஷ்ய நாட்டில் இருந்த அந்நகர், இன்று விரோத்ஸ்வாஃப் என்னும் பெயரோடு போலந்து நாட்டில் உள்ளது. ஒன்பதாம் வயதில் தந்தையிடம் சதுரங்கம் கற்றார். அக்காலத்தில் பிரான்சின் லாபூர்டோனே, அயர்லாந்தின் மெக்டோனல் ஆகிய இருவரும் இலண்டனில் ஆடிய ஆட்டங்கள் நூலாக வெளிவந்திருந்தன. அந்நூலே இளம் ஆண்டர்சனுக்கு ஆசிரியராயிற்று. தாக்குதலே முதன்மையெனக் கருதிய அவ்விருவரின் ஆட்டங்களை ஒவ்வொரு நகர்வாகப் பின்பற்றிப் பயின்றார்.

கணிதமும் மெய்யியலும் கற்றுத் தேர்ந்த ஆண்டர்சன், பிறந்த ஊரிலேயே ஒரு பள்ளியில் கணித ஆசிரியராகப் பணியேற்றார். திருமணம் செய்துகொள்ளாமல் தாயுடனும் உடன்பிறந்தாளுடனும் எளிய வாழ்க்கை நடத்தினார். சதுரங்கம் அவருக்குப் பிழைப்புக்கான தொழிலாக ஒருபோதும் இருந்ததில்லை. பள்ளி விடுமுறை கிடைத்தால்தான் வெளியூர் சென்று ஆட முடியும். 1842இல் 60 சதுரங்கப் புதிர்களைத் தொகுத்து அவர் நூலாக வெளியிட்டார். ஆகவே, அவர் முதலில் அறியப்பட்டது போட்டியாளராக அன்று, புதிர் அமைப்பவராகவே. சில காய்களை மட்டும் கொண்டு வியப்பூட்டும் முடிவுகளை உருவாக்கும் அப்பயிற்சி, பின்னாளில் பலகையின் நடுவே பெரும் காய்களைத் துணிந்து கொடுக்கும் திறனை அவருக்குத் தந்தது.

பலியாட்டத்தின் இயல்பு

ஆண்டர்சனின் பெருமையை உணர, அவர் கையாண்ட தொடக்க முறையை அறிந்துகொள்ளுதல் வேண்டும். சதுரங்கத்தில் தொடக்கத்திலேயே ஒரு காயை, பெரும்பாலும் ஒரு காலாளை, விட்டுக்கொடுத்து ஆடுவதைக் கேம்பிட் என்பர். இதனைத் தமிழில் பலியாட்டம் எனலாம்.

இதன் தொன்மையான வகை அரசர் பலியாட்டம். வெள்ளை தன் அரசருக்கு முன்னுள்ள காலாளை இரு கட்டங்கள் நகர்த்துகிறது. கறுப்பும் அவ்வாறே செய்கிறது. அடுத்த நகர்வில் வெள்ளை, அரசரின் பக்கத்து மந்திரிக்கு முன்னுள்ள காலாளையும் இரு கட்டங்கள் முன்னே தள்ளுகிறது. அக்காலாளுக்குக் காவலில்லை, கறுப்பு அதனை உடனே வெட்டலாம்.

வெட்டினால் வெள்ளைக்குக் கிடைப்பது யாது? கறுப்பின் காலாள் பலகையின் நடுப்பகுதியை விட்டு ஒதுங்கிவிடுகிறது. நடுவிடம் வெள்ளையின் ஆளுகைக்கு வருகிறது. கோட்டை தாக்குதற்குரிய நெடுவழி திறக்க வாய்ப்பு ஏற்படுகிறது. வெட்டிய காலாளைக் காப்பதில் கறுப்பு செலவிடும் நகர்வுகளில் வெள்ளை தன் காய்களைப் போருக்கு அணிவகுத்துவிடலாம்.

வெள்ளை ஏற்கும் இடரும் சிறிதன்று. நகர்த்திய காலாள் தன் அரசருக்குக் கவசமாக நின்ற காலாளே ஆகும். அது அகன்றவுடன் அரசரை நோக்கிச் செல்லும் மூலைவிட்டப் பாதை திறந்துவிடும். அவ்வழியே எதிரியின் அரசி பாய்ந்து முற்றுகையிடலாம். தாக்குதல் தணிந்துவிட்டால் கொடுத்த காலாள் கொடுத்ததாகவே போகும். எஞ்சிய ஆட்டம் முழுவதும் குறைந்த படையோடு போராட வேண்டும். கொடுத்ததற்கு ஈடு கிடைக்குமா என்பதை ஆட்டம் முடியும்வரை உறுதியாகச் சொல்ல இயலாது. இவ்வுறுதியின்மையைத் தெரிந்தே ஏற்பதுதான் பலியாட்டத்தின் இயல்பு.

தெரியுமா?

* கேம்பிட் என்னும் சொல், மல்யுத்தத்தில் காலை இடறி வீழ்த்துதலைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் ருய் லோபஸ் 1561இல் வெளியிட்ட நூலில் இதனைச் சதுரங்கத்திற்குரிய சொல்லாகக் கையாண்டார்.
* எவான்ஸ் பலியாட்டத்தை 1820களில் உருவாக்கியவர் வில்லியம் டேவிஸ் எவான்ஸ் என்னும் வேல்ஸ் நாட்டுக் கப்பல் தலைவர்.

இலண்டன் பயணம்

1851இல் இலண்டன் ஹைடு பூங்காவில் எழுப்பப்பட்ட பளிங்கு மாளிகையில் உலகப் பெரும் பொருட்காட்சி நடைபெற்றது. பல நாட்டு மக்களும் அங்குத் திரண்ட அவ்வேளையில், இங்கிலாந்தின் தலைசிறந்த ஆட்டக்காரரான ஹோவர்டு ஸ்டான்டன் முன்னின்று உலகின் முதல் பன்னாட்டுச் சதுரங்கப் போட்டியை அமைத்தார். ஐரோப்பாவின் புகழ்பெற்ற ஆட்டக்காரர்களுக்கு அழைப்பு சென்றது. மூன்றாண்டுகளுக்கு முன் ஹார்விட்ஸ் என்னும் வல்லவரோடு சமநிலையில் ஆடியிருந்த ஆண்டர்சனும் அழைக்கப்பெற்றார்.

அவரோ தயங்கினார். ஆசிரியர் ஒருவரின் வருவாயில் இலண்டன் பயணச் செலவு பெருஞ்சுமை. பரிசு கிடைக்காவிட்டால் அச்செலவை ஈடுசெய்ய வழியில்லை. அந்நிலையில், ஆண்டர்சன் பரிசு பெறாமற்போனால் பயணச் செலவைத் தாமே தருவதாக ஸ்டான்டன் உறுதியளித்தார். அதன் பின்னரே ஆண்டர்சன் புறப்பட்டார். பலகையின்மேல் அரசியையும் கோட்டைகளையும் அள்ளிக் கொடுத்தவர், வாழ்க்கையில் ஒவ்வொரு காசையும் எண்ணிப் பார்த்தே செலவிட வேண்டியவராக இருந்தார் என்பது எண்ணத்தக்கது.

போட்டியில் 16 பேர் கலந்துகொண்டனர். ஒவ்வொரு சுற்றிலும் தோற்றவர் வெளியேற வேண்டும். ஆண்டர்சன் முதற்சுற்றில் கீசெரிட்ஸ்கியையும் அடுத்த சுற்றில் அங்கேரி நாட்டுச் சேனையும் வென்றார். மூன்றாம் சுற்றில் அவருக்கு எதிரே அமர்ந்தவர் ஸ்டான்டன். தமக்குப் பயண உறுதி அளித்து அழைத்தவரையே நான்குக்கு ஒன்று என்னும் கணக்கில் ஆண்டர்சன் வென்றார். இறுதிச் சுற்றில் வைவிலையும் தோற்கடித்து முதற்பரிசு பெற்றார். சதுரங்க உலகம் அதிகம் கேள்விப்படாத பள்ளி ஆசிரியர், ஐரோப்பாவின் முதல்வராக ஊர் திரும்பினார்.

அழியா ஆட்டம்

இலண்டன் போட்டியின் நினைவாக இன்று உலகம் போற்றுவது, அப்போட்டிக்குள் ஆடப்பெற்ற எந்த ஆட்டத்தையும் அன்று. 1851 ஜூன் 21ஆம் நாள், சிம்சன்ஸ் டைவான் என்னும் சதுரங்கக் கூடத்தில் ஆண்டர்சனும் லியோனல் கீசெரிட்ஸ்கியும் பொழுதுபோக்காக ஆடிய ஓர் ஆட்டமே அது. பாரிசில் சதுரங்கம் பயிற்றுவித்து வாழ்ந்த கீசெரிட்ஸ்கி, அரசர் பலியாட்டத்தின் நுட்பங்களை நன்கறிந்தவர்.

வெள்ளைக் காய்களுடன் ஆடிய ஆண்டர்சன் அரசர் பலியாட்டத்தைத் தொடங்கினார். கீசெரிட்ஸ்கி காலாளை வெட்டினார். உடனே தம் அரசியைக் கொண்டு முற்றுகையிட்டார். ஆண்டர்சனின் அரசர் ஒரு கட்டம் விலக நேர்ந்தது. அதனால் கோட்டை கட்டும் உரிமையை அவர் இழந்தார். இடரைத் தெரிந்தே ஏற்ற ஆண்டர்சன், வெளிவந்த அவ்வரசியையே துரத்தத் தொடங்கினார். கறுப்பின் அரசி இடம் மாறி மாறி அலைந்தது. ஒவ்வொரு துரத்தலிலும் வெள்ளையின் காயொன்று முன்னேறியது. அதற்கிடையே தம் மந்திரியொன்று வெட்டுப்படுவதையும் அவர் பொருட்படுத்தவில்லை.

18ஆம் நகர்வில் ஆண்டர்சன் எஞ்சிய மந்திரியைக் கறுப்பின் பாளையத்திற்குள் செலுத்தி, தம் இரு கோட்டைகளையும் காவலின்றி விட்டார். கறுப்பு இரண்டையும் வெட்டியது. கறுப்பின் அரசி ஒரு மூலையிலும் மந்திரி எதிரியின் கடைசி வரிசையிலும் போய் நின்றன. தம் அரசரைக் காக்க வேண்டிய நேரத்தில் அவ்விரண்டும் நெடுந்தொலைவில் இருந்தன. 22ஆம் நகர்வில் ஆண்டர்சன் தம் அரசியையும் கொடுத்தார். அரசரைக் காத்து நின்ற குதிரை, வேறு வழியின்றி அவ்வரசியை வெட்டித் தன் காவலிடத்தை விட்டது. 23ஆம் நகர்வில் மந்திரி ஒரு கட்டம் முன்னேறி, செக்மேட் எனப்படும் இறுதி முற்றுகையை இட்டது.

அப்போது கறுப்பு இழந்திருந்தவை மூன்று காலாட்கள் மட்டுமே. வெள்ளையிடமோ அரசியில்லை, கோட்டைகள் இல்லை, ஒரு மந்திரியும் இல்லை. அரசருக்கும் காலாட்களுக்கும் அப்பால் எஞ்சியவை இரு குதிரைகளும் ஒரு மந்திரியுமே. ஆனால், அம்மூன்றும் தேவையான இடத்தில் இருந்தன. படையின் பெருமை எண்ணிக்கையில் இல்லை, நிற்கும் இடத்திலும் நேரத்திலும் உள்ளது என்பதை இதனினும் தெளிவாக விளக்கும் ஆட்டத்தைக் காண்பது அரிது. தோற்ற கீசெரிட்ஸ்கியும் இவ்வாட்டத்தின் அழகை மதித்து, தம் இதழில் அதனை வெளியிட்டார். 1855இல் எர்ன்ஸ்ட் ஃபால்க்பீர் இதற்கு அழியா ஆட்டம் எனப் பெயரிட்டார்.

பிற்கால ஆய்வாளர்கள் இவ்வாட்டத்தில் குறைகளையும் கண்டனர். 18ஆம் நகர்வில் வெள்ளைக்கு இதனினும் பாதுகாப்பான வழிகள் இருந்தன. கறுப்பும் இன்னும் திறம்படத் தற்காத்திருக்கலாம். பலியாட்டம் தவறே இல்லாத கணக்கன்று. எதிரே அமர்ந்தவர் கடிகார அளவு இல்லாத ஆட்டத்திலும் தடுமாறத்தக்க சிக்கல்களை எழுப்புவதே அதன் வலிமை.

பசுமை மாறா ஆட்டம்

அடுத்த ஆண்டு, 1852இல், பெர்லினில் ஜீன் டுஃப்ரேனுக்கு எதிராக ஆண்டர்சன் எவான்ஸ் பலியாட்டத்தை ஆடினார். இதில் நான்காம் நகர்வில் வெள்ளை, அரசியின் பக்கத்துக் காலாள் ஒன்றைக் கறுப்பின் மந்திரிக்கு இரையாக வைக்கிறது. மந்திரி அதனை வெட்டினால், வெள்ளை அதனைத் துரத்திக்கொண்டே நடுவிடத்தில் காலாட்களை நிறுத்தலாம்.

ஆட்டம் முற்றியபோது டுஃப்ரேனின் அரசி, ஆண்டர்சனின் அரசருக்கு அருகே வந்து, அடுத்த நகர்வில் ஆட்டத்தை முடிக்கும் நிலையில் நின்றது. ஆண்டர்சனுக்கு ஒரு நகர்வுகூட வீணாக்க இடமில்லை. அவர் ஒரு கோட்டையைக் கொடுத்தார். அடுத்து அரசியைக் கொடுத்தார். ஒவ்வொன்றும் முற்றுகையாகவே அமைந்ததால் டுஃப்ரேனுக்குத் தம் தாக்குதலை நிறைவேற்ற ஓய்வே கிடைக்கவில்லை. 24ஆம் நகர்வில் இரு மந்திரிகளும் ஒரு காலாளும் இணைந்து கறுப்பரசரை வீழ்த்தின. பின்னாளில் பசுமை மாறா ஆட்டம் என்னும் பெயர் இதற்கு நிலைத்தது.

பாரிசில் ஒரு தோல்வி

1858இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரிலிருந்து பால் மார்ஃபி என்னும் 21 வயது இளைஞர் ஐரோப்பா வந்தார். வந்த இடமெல்லாம் வென்றார். அவரை எதிர்கொள்ள வேண்டியவர் ஆண்டர்சனே என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆண்டர்சனுக்கோ அப்போது 40 வயது. தக்க எதிராளிகளோடு ஆடிப் பழகும் வாய்ப்பு பிரெஸ்லாவில் குறைவு. பணியை விட்டு வர இயலாத அவர், கிறித்துமசு விடுமுறைக்காகக் காத்திருந்து பாரிசுக்குப் பயணமானார். ஐரோப்பாவின் முதல்வர் என்னும் பெயரைக் காத்துக்கொள்ள விரும்பியிருந்தால், பள்ளிப் பணியைக் காரணம் காட்டி அவர் போகாமலே இருந்திருக்கலாம்.

நோயிலிருந்து மீண்டுகொண்டிருந்த மார்ஃபி தங்கிய விடுதியிலேயே ஆட்டங்கள் நடைபெற்றன. முதல் ஆட்டத்தில் மார்ஃபி எவான்ஸ் பலியாட்டத்தை ஆண்டர்சனுக்கு எதிராகவே தொடுத்தார். ஆண்டர்சன் பொறுமையாகத் தற்காத்து வென்றார். கொடுக்கத் தெரிந்தவருக்குக் கொடுத்ததைப் பெற்றுக்கொண்டு காக்கவும் தெரிந்திருந்தது. ஆயினும், அதன்பின் போட்டி மார்ஃபியின் பக்கம் சாய்ந்தது. எல்லாக் காய்களையும் விரைந்து களமிறக்கிய பின்னரே தாக்கும் ஒழுங்கு மார்ஃபியிடம் இருந்தது. ஆண்டர்சனோ, தாம் வெள்ளையாடிய மூன்று ஆட்டங்களில் பலகையின் ஓரத்துக் காலாளை ஒரு கட்டம் மட்டும் நகர்த்தி, புதிய பாதையில் எதிராளியை இழுக்க முயன்றார். துணிவான தொடக்கங்களால் புகழ்பெற்றவர் இத்துணைத் தயக்கமான தொடக்கத்தை நாடியது, அவர் எதிர்கொண்ட நெருக்கடியைக் காட்டுகிறது. முடிவில் மார்ஃபி ஏழு ஆட்டங்களிலும் ஆண்டர்சன் இரண்டிலும் வென்றனர். இரண்டு சமநிலையில் முடிந்தன.

தோல்விக்குக் காரணம் கற்பிக்க ஆண்டர்சனுக்கு வாய்ப்புகள் பல இருந்தன. பயணக் களைப்பு உண்டு. பயிற்சிக் குறைவு உண்டு. அவர் எதனையும் சாக்காகச் சொல்லவில்லை. மார்ஃபி தம்மினும் வலியவர் என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். விடுமுறை முடியவே பிரெஸ்லாவுக்குத் திரும்பிக் கணிதம் கற்பிக்கத் தொடங்கினார்.

மீண்டெழுதல்

அத்தோடு அவர் காலம் முடிந்தது எனக் கருதியோர் ஏமாந்தனர். 1862இல் இலண்டனில் ஒவ்வொருவரும் மற்ற அனைவரோடும் மோதும் முறையில் நடந்த பன்னாட்டுப் போட்டியில் ஆண்டர்சன் முதலிடம் பெற்றார். 1865இல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது.

1866இல் வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸ் அவரை எதிர்கொண்டார். எவான்ஸ் பலியாட்டமும் அரசர் பலியாட்டமும் மீண்டும் மீண்டும் ஆடப்பெற்ற அப்போட்டியில் ஓர் ஆட்டம்கூடச் சமநிலையில் முடியவில்லை. எட்டுக்கு ஆறு என்னும் கணக்கில் ஸ்டைனிட்ஸ் வென்றார். இதே ஸ்டைனிட்ஸ்தான் பின்னாளில் தற்காப்பின் இலக்கணத்தை வகுத்தவர். கொடுக்கப்படும் காலாளைப் பெற்றுக்கொள்க, தாக்குதலைத் தாங்குக, தக்க நேரத்தில் பெற்றதைத் திருப்பிக் கொடுத்து நிலையை வலுப்படுத்துக என்பது அவ்வழியின் சாரம். பலியாட்டங்களின் பொற்காலம் அதனால் மெல்ல மறைந்தது. எனினும், 1870இல் பாடன்பாடன் நகரில் அன்றைய வல்லவர்கள் கூடிய போட்டியில், 52 வயதான ஆண்டர்சன் ஸ்டைனிட்ஸை இரண்டாம் இடத்திற்குத் தள்ளி முதல்வரானார். பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டிருந்த நாள்களில் அப்போட்டி நடைபெற்றது.

1877இல், அவர் சதுரங்கம் கற்றதன் 50ஆம் ஆண்டைக் கொண்டாடும் வகையில் லைப்சிக் நகரில் ஒரு போட்டி நடத்தப்பெற்றது. தம்மைப் போற்றும் விழாவில் மேடையில் மட்டும் அமர அவர் விரும்பவில்லை. போட்டியாளராகவே பலகையின் முன் அமர்ந்தார். 1879 மார்ச் 13ஆம் நாள் பிரெஸ்லாவில் காலமானார். அந்நகர் போலந்துக்குரியதான பின்னர், 1957இல் போலந்துச் சதுரங்கக் கூட்டமைப்பு அவரது கல்லறையை வேறோர் இடுகாட்டிற்கு மாற்றி நிறுவியது. நாட்டின் எல்லை மாறியபோதும் அவருக்குரிய மதிப்பு மாறவில்லை.

நிலைத்த கொடை

இன்றைய முன்னணி ஆட்டக்காரர்கள் அரசர் பலியாட்டத்தை அரிதாகவே ஆடுகின்றனர். தற்காப்பு வழிகள் நன்கு ஆராயப்பட்டுவிட்டன. ஆயினும், 1995இல் ரீகா நகரில் அன்றைய உலக வாகையர் கேரி கஸ்பரோவ், நம் விசுவநாதன் ஆனந்துக்கு எதிராக எவான்ஸ் பலியாட்டத்தைத் திடீரெனக் கையாண்டு 25 நகர்வுகளில் வென்றார். பழையதென ஒதுக்கப்பட்ட முறையிலும் உயிர் இருப்பதை அவ்வாட்டம் காட்டியது.

ஆண்டர்சனின் வாழ்வை வெற்றிகளால் மட்டும் அளவிட இயலாது. மார்ஃபியிடமும் ஸ்டைனிட்ஸிடமும் அவர் தோற்றார். ஆனால், தோற்கக்கூடும் என அறிந்தே விடுமுறையில் பயணம் செய்து பாரிசு விடுதியில் அமர்ந்தார். காலாளைக் கொடுத்தவர் அதன் விளைவையும் தாமே ஏற்க வேண்டும் என்னும் பலியாட்டத்தின் விதியை, அவர் பலகைக்கு வெளியிலும் கடைப்பிடித்தார்.

கற்பவை கற்றபின்

1. சதுரங்கப் பலகையில் அரசர் பலியாட்டத்தின் முதல் இரு நகர்வுகளை ஆடிக்காட்டி, வெள்ளை பெறுவனவற்றையும் இழப்பனவற்றையும் அட்டவணைப்படுத்துக.
2. துணிவுக்கும் கண்மூடித்தனத்திற்கும் உள்ள வேறுபாடு குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.

குறுவினா

1. கேம்பிட் என்னும் சொல்லின் மூலப்பொருள் யாது?
2. ஆண்டர்சன் இலண்டன் செல்லத் தயங்கியது ஏன்?

சிறுவினா

1. அழியா ஆட்டத்தின் முடிவில் இரு தரப்பிலும் எஞ்சிய காய்களின் நிலையை விளக்குக.
2. பலியாட்டத்தை எதிர்கொள்ள ஸ்டைனிட்ஸ் வகுத்த வழி யாது?

நெடுவினா

தோல்வியை ஏற்கும் பண்பே ஆண்டர்சனின் துணிவுக்கு அடித்தளம் என்பதைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.